சமன் ஆற்றுக்கு ஒரு வியாழக்கிழமை

என்னைப் பொறுமைசாலி என்று இதுவரை யாரும் தவறாக எண்ணியதில்லை. சோறு வேகும் வரைக்கும் நிற்கமாட்டேன். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் நடக்கத் தொடங்கிவிடுவேன். பாதி வழி போனதும் அதே பஸ் என்னைக் கடந்து போகும். இப்படிப்பட்ட ஆள் ஐம்பத்திரண்டு வயதில், தூண்டில் போடப் பழகப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தால் என்ன நடக்கும்? மனைவி கையிலிருந்த வெங்காயத்தையும் கத்தியையும் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“மீன் கடிக்கும் வரைக்கும் நீங்கள் பாத்துக்கொண்டு நிப்பியளோ? ஆத்துக்குள்ளை குதிச்சுக் கையாலை பிடிக்கப் போவியளப்பா.”

மீன் எனக்குப் புதிதல்ல. இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்தேழு வருடமாக வேலை செய்கிறேன். அதில் இருபது வருடமாக மீன் பலகை என்னுடையது. சால்மன், எங்கள் ஆட்கள் வாயில் சமன், கிழமைக்கு மூன்று தரம் நோர்வேயிலிருந்து ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டியில் ஐசுக்குள் படுத்துக்கொண்டு வரும். தலையை எடுப்பேன். முதுகெலும்போடு கத்தியை ஓடவிட்டு இரண்டு பாதியாக்குவேன். சாமணத்தால் சின்ன முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாக இழுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று ஒருதரம் பெருமையடித்து, செய்தும் காட்டி, விரலில் மூன்று தையல் போட்டுக்கொண்டேன்.

போன மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் முள் இழுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஷெஃப் வந்து பக்கத்தில் நின்றான். அவன் சுவிஸ் மலைப்பக்கத்து ஆள். என்னைவிட ஐந்து வயது மூப்பு. ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்குமேல் செலவழிக்கமாட்டான். ஒவ்வொரு கோடையிலும் நோர்வேக்குப் போய் ஏதாவது ஓர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சமன் பிடிப்பான். புழுவோ இறாலோ போட்டல்ல. இறகையும் மயிரையும் நூலால் கொக்கியில் கட்டி, பூச்சி மாதிரி ஒன்று செய்து, அதை நீண்ட தடியால் வீசி வீசிப் பிடிக்கும் வித்தை அது. ஓய்வு நேரத்தில் தன் மேசையில் உட்கார்ந்து அந்தப் பொய்ப் பூச்சிகளைக் கட்டுவான். சமையலில்கூட அவன் அவ்வளவு கவனம் எடுத்து நான் பார்த்ததில்லை.

“இதில் எத்தனை ஆயிரம் வெட்டியிருப்பாய்?” என்று கேட்டான்.

“எண்ணவில்லை.”

“உயிரோடு ஒன்றையாவது பார்த்திருக்கிறாயா?”

நான் அடுத்த முள்ளை இழுத்தேன்.

“உனக்கு இந்த மீனின் உள்பக்கம் மட்டும்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. நான் கடல் சூழ்ந்த நாட்டிலிருந்து வந்தவன். கடலே இல்லாத நாட்டுக்காரன் எனக்கு மீன் சொல்லித்தருவதா? உண்மையில் நான் மீன்பிடிக்கு மிகக் கிட்டப் போனது யாழ்ப்பாணத்து மீன் சந்தைவரைக்கும்தான். அப்பா தபால் கந்தோரில் கிளாக்கர். எங்கள் வீட்டில் ஒருவரும் வள்ளத்தில் ஏறியதுகூடக் கிடையாது. ஆனால் கோபம் வந்தால் எனக்கு இந்த விவரமெல்லாம் நினைவில் நிற்பதில்லை. ஷெஃபின் மேசைக்குப் போய், “இந்தக் கோடையில் நான் ஒன்று பிடித்துக் காட்டுகிறேன்” என்று சொல்லிவிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்து, “நல்லது” என்றான். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நோர்வேக்குப் போவதற்கு எனக்கு ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஆட்கள் சும்மா ஊர் சுற்றப் போவதில்லை. கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம், செத்தவீடு, இந்த நான்கில் ஒன்று இருந்தால்தான் விமான டிக்கெட் போடுவோம். மனைவியின் தம்பி நோர்வேயின் மேற்குக் கரையில் இருக்கிறான். அவனுடைய மகளுக்கு ஆடியில் அரங்கேற்றம், சனிக்கிழமை. ஷெஃப் எனக்குச் சொன்ன ஆறு மச்சான் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலம். அவனுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவன் துள்ளினான்.

“அத்தான், சமன் பிடிக்கப் போறியளோ? நான் கூட்டிக்கொண்டு போறன். பெரிய ஐஸ் பெட்டி இருக்கு. அரங்கேற்றத்துக்கு வாற சனத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சமன் குழம்புதான்!”

அடுத்த நாள் கனடாவிலிருந்து ஓர் உறவினர் கூப்பிட்டு, நான் எத்தனை மீன் பிடிக்கப்போகிறேன் என்று விசாரித்தார். அந்த நேரம் நான் தூண்டில் தடியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை.

ஷெஃப் என்னை முதலில் வகுப்புக்கு அனுப்பினான். சுவிஸில் மீன் பிடிக்கும் அனுமதிக்கு ஒரு நாள் பாடமும் பரீட்சையும் உண்டு. நோர்வேயில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒழுங்காகப் பழகாதவனுக்குத் தன் தடியைத் தரமாட்டேன் என்றான். பள்ளிக்கூட மேசையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பத்து வயதுப் பிள்ளைகளோடும் ஓய்வுபெற்ற கிழவர்களோடும் படித்தேன். மீன் மாட்டினால் உடனே தலையில் அடித்து மயக்கி, செவுளை வெட்டிக் கொல்ல வேண்டும். விளையாட்டுக்குப் பிடித்து விளையாட்டுக்குத் திரும்ப விடுவதற்காகத் தூண்டில் போடக்கூடாது. அது உயிரை வதைப்பது. சாப்பிடப் பிடி, இல்லாவிட்டால் பிடிக்காதே. பரீட்சையில் பதினோராவது கேள்வி அதைப் பற்றியதுதான். முதல் தரமே பாஸ் பண்ணினேன். ஜெர்மன் மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டைவிட்டவன் நான் என்பதால், பேர்ணில் படிக்கும் மகளுக்கு இது பெரிய பகிடி.

“அப்பா, குடியுரிமைச் சோதினையிலை மீனைப் பற்றிக் கேட்டிருந்தால் உங்களுக்கு எப்பவோ பாஸ் கிடைச்சிருக்கும்.”

பிறகு வீச்சுப் பயிற்சி. ஊர் நடுவிலே இருக்கும் பெரிய புல்வெளியில், வேலை முடிந்த பின்னேரங்களில், கொக்கிக்குப் பதிலாக நுனியில் மனைவியின் செம்மஞ்சள் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு வீசினேன். தடியைப் பின்னே கொண்டுபோய், கயிறு பின்னால் முழுக்க நீளும் வரைக்கும் ஒரு கணம் காத்திருந்து, பிறகு முன்னே வீச வேண்டும். அந்த ஒரு கணம்தான் முழு வித்தையும். என்னிடம் இல்லாததும் அந்த ஒரு கணம்தான். கயிறு என் கழுத்தைச் சுற்றியது. காதைச் சுற்றியது. மேலே மலையிலிருந்து பறந்து வந்து இறங்கும் பரசூட்காரர்கள் என்னைக் கண்டு வளைந்து போனார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம் நின்று வீடியோ எடுத்தது.

“சார், இது என்ன எக்சர்சைஸா? தோள்பட்டைக்கு நல்லதா?” என்று அந்த வீட்டு அம்மா கேட்டார்.

“ஓம், கழுத்துக்கும்” என்றேன், கழுத்திலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு.

மனைவி பக்கத்து வாங்கில் உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். “கொழுக்கி இல்லாமல் எறியிறது நல்லதுதான். ஒரு உயிருக்கும் கேடில்லை, உங்கடை காதையும் சேத்து” என்றாள்.

ஒரு பின்னேரம் ஷெஃபும் வந்தான். வந்தவன் ஒரு விசித்திரமான செய்தியைச் சொன்னான். கடலிலிருந்து திரும்பி, தான் பிறந்த ஆற்றுக்குள் ஏறும் சமன் பிறகு சாப்பிடுவதில்லையாம். மாதக்கணக்கில் பட்டினி. அப்படியானால் பொய்ப் பூச்சியை ஏன் கடிக்கிறது என்று கேட்டேன். “கோபத்தில் என்று சிலர் சொல்கிறார்கள். ஒருவருக்கும் தெரியாது” என்றான். நான் மனைவிக்குத் தமிழில் சொன்னேன்.

“அப்ப அதுவும் விரதமோ? பிறந்த இடத்துக்குப் போறதுக்கு அதிட்டை ஒருத்தரும் விசா கேக்கேல்லை, அதுவரைக்கும் குடுத்துவைச்சது” என்றாள்.

ஆற்றில் இறங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கிப் போட்டுத்தான் கொடுப்பார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாள். நாளை மாற்றவும் முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. மகள் கணினியில் படிவத்தை நிரப்பிக்கொண்டே, “எந்த நாள் போட?” என்று கேட்டாள்.

செவ்வாய் போய் இறங்குகிறோம். புதன் உறவுக்காரருக்கு: நான்கு வீடு, நான்கு தேத்தண்ணி, நான்கு தட்டு வடை, ஒரு வீட்டை விட்டாலும் பத்து வருடத்துக்குக் கதை இருக்கும். சனி அரங்கேற்றம். ஆக வியாழன் அல்லது வெள்ளி. நான் எழுந்து குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய தமிழ்க் கடைக் கலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் கறுப்பு வட்டம். ஆடி அமாவாசை. வெள்ளி வீட்டில் எப்படியும் சைவம்; அமாவாசையும் அதே நாளில் விழுந்தால் எவ்வளவு வசதி.

“வியாழன் போடு” என்றேன்.

குலுக்கலில் வியாழனே விழுந்தது. என் பெயர் போட்ட சீட்டு வந்த அன்று ஷெஃப் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பத்து வருடம் கேட்டும் அந்த ஆற்றில் அவனுக்கு இரண்டு தரம்தான் கிடைத்ததாம். பிறகு தன் தடியைத் துணிப்பையோடு கொடுத்தான். ஒரு கடுகுப் போத்தலுக்குள் ஒரே ஒரு பொய்ப் பூச்சியும் தந்தான்: கறுப்பு மயிர், நடுவில் வெள்ளி நூல், கழுத்தில் ஒரு சொட்டு மஞ்சள் இறகு. எனக்கென்று கட்டியது. மற்றவற்றைக் கடையில் வாங்கு என்றான்.

பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது கோயிலுக்குப் போயிருந்தோம். வாசலில், செருப்பு வைக்கும் தட்டுக்கு மேலே, நோட்டிஸ் ஒட்டியிருந்தது. நான் குனிந்து சப்பாத்துக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

“இஞ்சரப்பா, ஆடி அமாவாசை வியாழன் எண்டு கிடக்கு” என்றாள் மனைவி.

“வெள்ளி.”

“வியாழன். வந்து வாசியுங்கோ.”

வாசித்தேன். வியாழன்தான். ஒரு கால் சப்பாத்தோடு அங்கேயே இருந்துவிட்டேன்.

விளக்கம் மிகச் சாதாரணம். கடைக் கலண்டர் ஊரில் அச்சடித்து வருவது. இங்கே அதில் கடையின் படத்தை மட்டும் ஒட்டுகிறார்கள். அமாவாசை தொடங்கும் நேரம் உலகத்துக்கு ஒன்றுதான், ஆனால் ஊர்க் கடிகாரம் எங்களுடையதற்கு மூன்றரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. அதனால் சில வருடங்களில் அங்கே வெள்ளியில் வருவது இங்கே வியாழனில் வந்துவிடும். கோயிலில் இங்குள்ள நேரத்துக்குக் கணித்துப் போடுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு வருடமும் கோயில் நோட்டிஸ் பார்த்துத்தான் நாள் பிடிப்பேன். இந்த வருடம் மட்டும், தூண்டில் மயக்கத்தில், குளிர்சாதனப் பெட்டிப் பக்கத்து வட்டத்தை நம்பிவிட்டேன்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தகப்பன் இல்லாதவர்கள் தகப்பனுக்காகப் பிடிக்கும் விரதம் ஆடி அமாவாசை. நான் இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வருடம் அப்பா செத்துப்போனார். அப்போது என்னிடம் இருந்தது அகதி விண்ணப்பக்காரனுக்குக் கொடுக்கும் அட்டை. அதை வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினால் திரும்ப வர முடியாது. நான் அன்று இதே ஹோட்டலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். கந்தோருக்கு வந்த போனை எடுத்துக் கேட்டுவிட்டு வந்து மறுபடியும் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினேன். அப்போது இளம் சமையல்காரனாக இருந்த ஷெஃப் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு என்னுடையது தெரியாது. என் கையிலிருந்த தேய்ப்பானை வாங்கினான், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை இருத்தினான், பின்னேரம்வரைக்கும் எல்லாச் சட்டியையும் அவனே கழுவினான். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

அப்பாவுக்கு நான் கொள்ளி வைக்கவில்லை. காடாற்றும் அந்தியேட்டியும் அண்ணைதான் செய்தார். வருடத் திவசத்தையும் அவரே செய்கிறார். எனக்கென்று மிஞ்சியது இந்த ஒரு நாள்தான். இருபத்தைந்து ஆடி அமாவாசை, ஒன்றும் தவறவில்லை. சீசன் நடுவில் ஆளில்லாமல் தவித்தாலும் பெரும்பாலும் அன்று எனக்கு லீவு. லீவு கிடைக்காத இரண்டு மூன்று வருடங்களில் வேலைக்குப் போனேன், ஆனால் மீன் பலகைக்குக் கிட்டப் போகவில்லை. ஷெஃப் ஒன்றும் கேட்காமல் கத்தியை எடுத்துக்கொண்டான்.

அதனால் அன்று கோயில் வாசலில் நான் கண்ட சங்கடம் இதுதான்: வாழ்நாளில் ஒருதரம் விழுந்த சீட்டு, அப்பாவின் நாளிலேயே விழுந்திருக்கிறது. ஒன்றை விடவேண்டும்.

விட மனமில்லாதவனுக்கு நியாயம் பிடிப்பது லேசு. வீட்டுக்கு வரும் ரயிலிலேயே ஒன்றைப் பிடித்துவிட்டேன்.

“இஞ்சரும், அப்பா செத்தது யாழ்ப்பாணத்திலை. அவருக்கு யாழ்ப்பாண நேரந்தானே? கடைக் கலண்டரின்படி வெள்ளி பிடிச்சால் என்ன பிழை?”

“விரதம் பிடிக்கிறது ஆர்?”

“நான்.”

“நீங்கள் எங்கை இருக்கிறியள்?”

“அண்டைக்கு நோர்வேயிலை.”

“அங்கையும் வியாழன்தானப்பா.”

“பிடிச்ச மீனைத் திரும்ப விட்டால்? நோர்வேயிலை அப்பிடிச் செய்யலாமாம்.”

“உயிரை வதைக்கிறது எண்டு நீங்கள்தானே வாங்கு உடைய இருந்து படிச்சனீங்கள்? பதினோராங் கேள்வி.”

என் பாடத்தை என்னைவிட நன்றாக இவள் படித்து வைத்திருக்கிறாள். கடைசியில், “ஐயரைக் கேளுங்கோ” என்றாள். எனக்குச் சாதகமான பதில் வேறெங்கும் கிடைக்காது என்று தெரிந்ததால் ஐயருக்குப் போன் பண்ணினேன். கடைக் கலண்டர், நேர வித்தியாசம், யாழ்ப்பாணத்தில் இறந்த அப்பா என்று வக்கீல்போல அடுக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“தம்பி, இருபத்தைஞ்சு வருசமும் எந்த நாளைப் பிடிச்சனீர்?”

“கோயில் சொன்ன நாளை, ஐயா.”

“அப்ப உம்மடை அப்பா எந்த நாளிலை பாத்துக்கொண்டிருப்பார்?”

இத்தனை வருடத்தில் அப்பா பார்த்துக்கொண்டிருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. எள்ளும் தண்ணீரும் விடுவேன், நெய்விளக்கு ஏற்றுவேன், பாகற்காயும் வாழைக்காயுமாக ஒருநேரச் சாப்பாடு. ஒரு கடமை மாதிரித்தான். அந்தப் பக்கத்தில் ஒருவர் நாள் பார்த்து நிற்கிறார் என்பது என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது.

ஐயர் தானே தொடர்ந்தார். “ஆத்திலை நிக்கக்கூடாது எண்டு நான் சொல்லேல்லை. தீர்த்தக் கரைக்குப் போறதுதானே அண்டைய முறை. நோர்வே ஆறும் ஆறுதான். எள்ளும் தண்ணியும் அங்கையே விடும். உயிர் ஒண்டையும் எடுத்துப்போடாதையும்.”

அடுத்த நாள் ஷெஃபிடம் சொல்ல வேண்டியிருந்தது. பிடித்துக் காட்டுகிறேன் என்று மார்தட்டியவன் நான். சுற்றி வளைத்துத் தொடங்கினேன். வியாழன் எந்த நாள் என்று சொன்னதுமே அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

“அன்று நீ மீன் தொடமாட்டாய்” என்றான்.

“இல்லை.”

“போய் நில். நான் போகும்போதும் பெரும்பாலும் நிற்பதுதான் வேலை.”

தடியைத் திருப்பிக் கேட்கவில்லை. பயணப் பெட்டி கட்டும்போது மனைவி ஒரு சின்னப் பையில் எள்ளு வைத்தாள்; பக்கத்தில் ஆற்றில் இறங்க வாங்கிய என் நீளச் சப்பாத்து, அதற்குள் கடுகுப் போத்தல், மேலே மச்சானின் மகளுக்கு வாங்கிய சேலை. சப்பாத்து சேலையில் படக்கூடாது என்று இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினாள்.

வியாழன் காலை மச்சான் என்னை ஆற்றங்கரையில் இறக்கினான். வேறு நாட்டு ஆற்றில் நனைந்த தூண்டிலும் சப்பாத்தும் மீனுக்கு நோயைக் கொண்டுவரும் என்று, அவற்றை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சுத்தமென்று அங்கிருந்தவர்கள் ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். கோயிலில் கால் கழுவாமல் உள்ளே விடமாட்டார்கள் அல்லவா, அதே சட்டம் என்று எனக்கு மகிழ்ச்சி. மச்சானுக்குத்தான் முகம் செத்துவிட்டது. ஐஸ் நிரப்பிய பெட்டியைக் காரின் பின்னாலிருந்து இறக்கும்போதுதான் அவனுக்கு உண்மையைச் சொன்னேன்.

“அத்தான், ஞாயிற்றுக்கிழமைக்கு நாப்பது பேருக்குச் சொல்லிப்போட்டனே!”

“கோழி போடு.”

“கனடாக்காரருக்கு என்ன சொல்ல?”

“விரதம் எண்டு சொல்லு. உன்னட்டைக் குறடு இருக்கோ?”

அவன் காரிலிருந்து குறட்டை எடுத்துத் தந்தான். கடுகுப் போத்தலைத் திறந்து ஷெஃபின் பூச்சியை உள்ளங்கையில் வைத்தேன். புல்வெளியில் கச்சான் உடைத்தபடி மனைவி சொன்னது நினைவில் இருந்தது. கொக்கியின் வளைவைக் குறட்டால் பிடித்து நறுக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். கவலையாக இருந்தது, அவன் எனக்கென்று கட்டியதல்லவா? கறுப்பு மயிரும் வெள்ளி நூலும் மஞ்சள் இறகும் அப்படியே இருந்தன. கொல்லும் பகுதி மட்டும் புல்லுக்குள் விழுந்தது. யார் காலிலும் குத்தாமல் தேடி எடுத்துப் பொக்கற்றில் போட்டேன். மச்சான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காருக்குள் போய்ப் படுத்தான்.

முதலில் ஓரத்தில் நின்று எள்ளை நனைத்து, பெருவிரல் வழியாகத் தண்ணீர் விட்டேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன், அவருடைய அப்பாவின் பெயரைச் சொன்னேன், அதற்கு மேலே ஒரு பெயர் மறந்துபோய்விட்டதால் மன்னிப்புக் கேட்டேன். பிறகு தடியை எடுத்துக்கொண்டு இடுப்பளவுக்கு இறங்கினேன். தண்ணீர் பச்சை நிறம், குளிர் காற்சட்டையைத் தாண்டி எலும்புக்குள் போனது.

வீசினேன். பின்னே, ஒரு கணம், முன்னே. பசி இருந்தது, பசியில் கை அவசரப்படவில்லை என்பதைக் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தேன். எதையும் பிடிக்கத் தேவையில்லாதவனுக்கு எதற்கு அவசரம்? கயிறு பின்னால் முழுக்க நீண்டது, முன்னே போய் மெல்ல விழுந்தது, ஆறு அதைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. இரண்டடி கீழே இறங்கி மறுபடியும். எனக்கு எதிர்ப்புறத்தில் நின்ற நோர்வேக்காரர் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். புல்வெளியில் பரசூட்காரர்களைப் பயமுறுத்தியவன் நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் தாண்டியிருக்கும். பூச்சி ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டிருந்தது. யாரோ கயிற்றைப் பிடித்தார்கள்.

நான் இருபது வருடமாக அறிந்த மீன் படுத்திருக்கும், பாரமாக இருக்கும், சொன்னபடி கேட்கும். இது அப்படியில்லை. தடி வளைந்து, என் தோள் முன்னே போனது. தண்ணீருக்கு மேலே ஒரு முதுகு, வெள்ளியும் இல்லாத செம்பும் இல்லாத ஒரு நிறம், உருண்டு திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம் இருக்கும். பிறகு அது வாயைத் திறந்திருக்க வேண்டும். கயிறு தளர்ந்துவிட்டது.

நான் “அப்பா!” என்று கத்தினேன். வலித்தாலும் வியந்தாலும் தமிழன் வாயில் வருகிற சொல்தான், நானும் அப்படித்தான் கத்தினேன். ஆனால் கத்திய பிறகு காதில் விழுந்தது. விழுந்ததும் அழுகை வந்துவிட்டது. எதிர்க்கரைக்காரர் பெரிய மீனைத் தவறவிட்ட கவலை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

அது அப்பா என்று நான் சொல்லமாட்டேன். அவர் விளைமீனும் ஒட்டியும் பாரையும் செவுள் தூக்கிப் பார்த்துச் சண்டை பிடித்து வாங்கிய மனிதர். சமன் என்றால் தகர ரின்னுக்குள் இருப்பது என்றுதான் அவருக்குத் தெரியும். அவ்வளவு தூரம் நீந்திவரும் பொறுமையும் அவருக்குக் கிடையாது. என் பொறுமை அவரிடமிருந்து வந்ததுதானே.

கரையேறி, மனைவி கட்டித் தந்த சோற்றுப் பெட்டியைத் திறக்கும் முன் அவளுக்குப் போன் பண்ணினேன். தம்பி வீட்டில் அரங்கேற்றத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் பத்துப் பெண்களின் சத்தம்.

“என்னப்பா, எள்ளும் தண்ணியும் விட்டியளோ?”

“விட்டனான்.”

“வேறை?”

“இருபத்தைஞ்சு வருசமா விடுறன். இண்டைக்குத்தான் அந்தப் பக்கத்திலையிருந்து ஒருக்கா இழுத்தது.”

பக்கத்தில் நின்றவர்களைச் சத்தம் போடவேண்டாம் என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு கேட்டாள், “கனக்க நேரம் பிடிச்சதோ?”

“மூண்டு எண்ணுமட்டும்.”

“காணும், அவ்வளவு போதும்” என்றாள். “இனிச் சாப்பிடுங்கோ.”